ஜனவரி கடைசியில் ஒரு வாரம் சென்னை: அம்மா, பிள்ளைகளோடு வருகிறோம், வழி சொல்லுங்கள்

கோவைமலர்

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் இருந்து ஜனவரி கடைசி வாரம் சென்னை வருகிறோம். நான், வீட்டுக்காரர், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், நான்காம் வகுப்பு மகள், என் அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மூட்டுவலி இருப்பதால் அதிகம் படி ஏற முடியாது. செவ்வாய், வெள்ளி சைவம் மட்டும்.

இதற்கு முன் சென்னைக்கு வந்ததெல்லாம் கல்யாணம், ஆஸ்பத்திரி, விசா என்று வேலையாகவே போய்விட்டது. இந்த முறை ஊரைப் பார்க்க வேண்டும் என்றே வருகிறோம். அம்மாவுக்குக் கபாலீசுவரர் கோயில், அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். மகனுக்கு சர்ஃபிங் கற்க ஆசை, கடலில் குளிக்கவும் ஆசை. மகள் ஆமை பார்க்க வேண்டும் என்கிறாள். எனக்கும் அவருக்கும் நல்ல சாப்பாடு கிடைத்தால் போதும்.

இணையத்தில் பார்த்தால் ஒரே நாளில் மெரினா, கோட்டை, மயிலாப்பூர், தி.நகர், மகாபலிபுரம் என்று பட்டியல் போடுகிறார்கள். அம்மாவோடு அது நடக்குமா? எங்கே தங்கலாம்? எதை விடலாம்? உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

மயிலைவாசி

வாங்க. நல்ல சமயத்தில்தான் வருகிறீர்கள். மழைக்காலம் முடிந்திருக்கும், பகலில் 30 டிகிரிக்குள், விடியற்காலையில் 20, 21. சென்னைக்காரர்கள் சால்வை தேடும் மாதம் அது. இதே பயணத்தை மே மாதத்தில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். 2003 மே கடைசியில் இங்கே 45 டிகிரி வரை போனது.

ஆனால் எந்த மாதமானாலும் இந்த ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. விடியற்காலையில் வெளியே போங்கள், நடுப்பகலில் கூரைக்குக் கீழே இருங்கள், கடற்காற்று நன்றாக ஏறிய பிறகு மறுபடி வெளியே வாருங்கள். பகல் 12 மணிக்கு மெரினா மணலில் இறங்கிவிட்டு 'சென்னை சுடுகிறது' என்று சொல்லிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னொன்று, நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள்தான் மறையும். ஒருநாளாவது காலை ஆறு மணிக்கு அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள்.

தங்குவதற்கு மயிலாப்பூர் அல்லது திருவல்லிக்கேணி. இரண்டுமே கடலுக்குப் பக்கம், கோயிலுக்குப் பக்கம், டிபனுக்கும் பக்கம். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பல தெருக்களைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அதனால் விடுதி வாசல் வரை கார் வருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மாட வீதியில் சாயங்காலம் பூக்கடை, கொலுசுக்கடை, பாத்திரக்கடை என்று அம்மா மெதுவாக நடக்கலாம், குளத்துப் பக்கம் கொஞ்சம் நிற்கலாம். அதற்கே ஒரு மாலை முழுதும் ஒதுக்குங்கள். அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

பறக்கும்ரயில்

போக்குவரத்து பற்றி நான் சொல்கிறேன்.

கோவை ரயில்கள் பெரும்பாலும் சென்ட்ரலுக்கு வரும். அங்கிருந்து எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை எல்லாம் வரிசையாக வரும். ஆனால் திருமயிலை போன்ற நிலையங்களில் படி நிறைய, நகரும் படியோ மின்தூக்கியோ ஓடும் என்று நம்பிப் போக வேண்டாம். அம்மா இருக்கும்போது ஆட்டோவே சரி. செயலியில் பதிவு செய்தால் பேரம் பேசும் வேலை இல்லை.

வெளியூர்க்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 'சென்னை கடற்கரை' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அது மெரினா இல்லை. பாரிமுனை, துறைமுகம் பக்கம். அங்கே இறங்கினால் மணலே கண்ணில் படாது. மெரினாவுக்குச் சேப்பாக்கமோ திருவல்லிக்கேணியோ, கலங்கரை விளக்கமோதான்.

மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 முதல். நீங்கள், அம்மா, மகள் மூவரும் அதில் போகலாம்.

விடுமுறைக் கிழமைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை கிடையாது. கலங்கரை விளக்கமும் முதலைப் பண்ணையும் திங்களன்று இல்லை. தக்ஷிணசித்ராவும் வண்டலூர் பூங்காவும் செவ்வாய் விடுமுறை. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டால் பூட்டிய கதவு முன்னால்தான் நிற்க வேண்டும்.

வாரஇறுதி

மெரினாவை ஒரு மாலையோடு முடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் அதிகம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைதான் குடும்பத்துக்கு ஏற்றது. பையன் அங்கேயே குளிக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் ஒன்றும் ஆகாது. நாங்கள் சின்ன வயதில் இருந்து அங்கேதான் குளிக்கிறோம்.

குப்பத்துப்பிள்ளை

வாரஇறுதி அண்ணா, இதை மட்டும் என்னால் கடந்து போக முடியாது. தயவுசெய்து யாரும் இதைக் கேட்டுப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டாம்.

நான் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில் பிறந்தவன். அப்பா கட்டுமரம் போட்டவர், அண்ணன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். தண்ணீரில் மாட்டியவர்களை இழுத்து வரும்போது முதலில் ஓடுவது எங்கள் ஆட்கள்தான். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோருமே இடுப்பளவுதான் நின்றோம் என்பார்கள்.

நடப்பது இதுதான். நம் கரை சட்டென்று சரிந்து ஆழமாகும் கரை. அலை அலையாக உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே, அது மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு குறுகலான வழியைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்த வழியில் அலை உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். கடல் தெரியாதவர்கள் 'இங்கே அலை குறைவு' என்று அங்கேயே போய் நிற்பார்கள். காலுக்குக் கீழே மணல் அரிக்கும், ஒரு அலை தள்ளும், அடுத்த நிமிடம் கால் எட்டாது. கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி நீந்திக் களைத்துப் போவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த இழுப்பில் இருந்து வெளியே வந்துவிடலாம், ஆனால் பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றாது. அந்த வழி இன்றைக்கு ஓர் இடம், நாளைக்கு ஓர் இடம். நேற்று பத்திரமாகக் குளித்த இடம் இன்றைக்கும் பத்திரம் என்று சொல்லவே முடியாது.

எலியட்ஸ் கரையில் வெள்ளையாக ஒரு வளைவுச் சின்னம் நிற்கிறதே, எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டுக்காரருக்கு எழுப்பியது. காப்பாற்றப் போனவரையே கொண்டுபோன தண்ணீர் இது. அந்தச் சின்னத்தின் நிழலில் இருந்துகொண்டே பிள்ளைகளை உள்ளே அனுப்புகிறோம்.

மலர் அக்கா, கால் நனையுங்கள். முழங்காலுக்குக் கீழே, பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு. அது போதும். தம்பிக்குக் கடலில் இறங்க ஆசை என்றால் சொல்லித்தரும் ஆள் பக்கத்தில் நிற்கும் இடத்துக்கு, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்கு, அழைத்துப் போங்கள்.

வாரஇறுதி

நீங்கள் சொல்வது புரிகிறது தம்பி. ஆனால் எல்லா நாளும் கடல் அப்படி இருப்பதில்லையே. சில நாள் குளம் போலத்தான் கிடக்கும். அனுபவம் உள்ளவர் ஒருவர் கூட இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

குப்பத்துப்பிள்ளை

எந்த நாள் அமைதி என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் கூட இருந்தால் சரி அண்ணா. கோவையில் இருந்து வரும் குடும்பத்துக்கு அந்த ஆள் யார்? மெரினாவில் போலீஸ் குதிரையில் வந்து விரட்டுவதும் விசில் அடிப்பதும் சும்மா இல்லை.

கடலோரன்

சர்ஃபிங் பற்றி நான் சொல்கிறேன், கோவளத்தில் கற்றுக்கொண்டவன்.

முதல் கேள்வி: மகனுக்கு நீச்சல் தெரியுமா? குளத்தில் ஒரு நீளம் பதறாமல் நீந்த முடிந்தால் போதும். தெரியாவிட்டாலும் ஆரம்ப வகுப்பை இடுப்பளவு தண்ணீரில், வெள்ளை நுரையில்தான் நடத்துவார்கள். ஆனால் தெரிந்திருந்தால் பயம் இல்லாமல் கற்றுக்கொள்வான். பதினெட்டுக்குக் கீழே என்பதால் உங்கள் கையெழுத்து கேட்பார்கள்.

கோவளம் பழைய மீனவர் ஊர். படகு ஓட்டிய குடும்பத்துப் பையன்கள்தான் அங்கே சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். கடலை அவர்களுக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். எந்த இடத்தில் இன்றைக்கு இழுப்பு இருக்கிறது என்று பலகையைத் தண்ணீரில் போடும் முன்பே சொல்லிவிடுவார்கள். குப்பத்துப்பிள்ளை சொன்னதுதான் சரி, அங்கே போங்கள்.

ஜனவரியில் அலை பொதுவாகச் சின்னதாக இருக்கும், கற்பவர்களுக்கு அது நல்லது. தென்மேற்குப் பருவத்தில்தான் தெற்கில் இருந்து நீளமான அலைகள் வரும், போட்டிகளும் ஆகஸ்ட் பக்கம் நடக்கும். காலை ஆறரை, ஏழு மணி வகுப்பைக் கேளுங்கள். ஒன்பதரைக்கு மேல் காற்று எழுந்து தண்ணீர் குழம்பிவிடும். உடம்பில் ஒட்டும் முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள், பலகையில் உராய்ந்து நெஞ்செல்லாம் எரியும். சன்ஸ்கிரீன் மூக்குக்கும் காதுக்கும் மறக்காதீர்கள்.

அவன் தண்ணீரில் இருக்கும் நேரம் நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கோவளத்தில் இருந்து கேளம்பாக்கம் போகும் சாலை காயலைக் கடக்கும். குளிர்காலத்தில் அங்கே பூநாரை, கூழைக்கடா, ஆலா எல்லாம் நின்றுகொண்டிருக்கும். ஒரு தொலைநோக்கி இருந்தால் மகளுக்குக் கொடுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்த இடம் பார்த்து நிறுத்த வேண்டும், லாரி போகும் சாலை.

கோவைமலர்

மிக்க நன்றி எல்லோருக்கும். குப்பத்துப்பிள்ளை தம்பி எழுதியதை மகனைப் படிக்க வைத்தேன். ஒன்றும் பேசவில்லை, கோவளம் போதும் என்று மட்டும் சொன்னான். நீச்சல் அவனுக்குத் தெரியும்.

அப்படியானால் கோவளம், தக்ஷிணசித்ரா, முதலைப் பண்ணை, மகாபலிபுரம் எல்லாம் ஒரே சாலைதானே? ஒரே நாளில் முடித்துவிடலாமா?

கடலோரன்

ஒரே சாலைதான், ஒரே நாள் இல்லை. சர்ஃபிங்கும் காலை வேலை, மகாபலிபுரமும் காலை வேலை. இரண்டையும் ஒரே காலையில் வைத்தால் இரண்டுமே கெடும். கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ ஓர் இரவு தங்கிவிடுங்கள். முதல் நாள் காலை சர்ஃபிங், மதியம் தக்ஷிணசித்ரா, இரவு அங்கேயே. மறுநாள் விடிந்ததும் சிற்பங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ஊர் திரும்பும் கார்கள்தான்.

மயிலைவாசி

நான் ஒத்துக்கொள்கிறேன். தக்ஷிணசித்ராவை நேரம் போக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1996இல் திறந்தது. நடுப்பகலில் அந்தச் செட்டிநாட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வெயிலே தெரியாது. அம்மா நிச்சயம் ரசிப்பார்கள், அவர்கள் சின்ன வயதில் பார்த்த உரலும் அம்மியும் அங்கே புழங்கிய இடத்திலேயே இருக்கும்.

மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட், அதே நாளில் பயன்படுத்த வேண்டும். காலையில் திறந்ததும் போனால் அர்ச்சுனன் தபசுப் பாறை மேல் இளவெயில் விழும், யானைகளின் வயிறு வரை தெரியும். பிள்ளைகள் வெண்ணெய்ப் பந்துப் பாறைக்கு ஓடுவார்கள், சரிவான பாறை, அம்மா கீழேயே நிற்கட்டும்.

வரும் வழியில் சாளுவன்குப்பம் புலிக்குகையில் நிறுத்துங்கள். பலரும் நிற்காமல் போகிறார்கள், அது எனக்கு ஆறவே ஆறாது. 2004 சுனாமி மணலை அரித்தபோது அங்கே ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது, அதைத் தொடர்ந்து தோண்டியதில் மணலுக்கு அடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. கீழே செங்கல், மேலே பல்லவர் காலத்துக் கருங்கல். முன்னால் கல்லால் செய்த வேல் ஒன்று நடப்பட்டிருக்கும். பக்கத்திலேயே சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். கூட்டமே இருக்காது.

ஆமைநடை

மகளுக்காக எழுதுகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் நடத்தும் பாதுகாப்புக் குழு நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் கரையில் நடந்து, கூடுகளைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள். முன்பதிவு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது கடினம். நள்ளிரவில் தொடங்கி விடியும் முன் முடியும், மணலில் பல கிலோமீட்டர் நடை. உங்கள் மகனும் அவன் அப்பாவும் போகலாம். போனால் டார்ச், கைபேசி விளக்கு, படம் எடுக்கும் வெளிச்சம் எதுவும் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேறிய ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். முட்டை பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும், ஆகவே நீங்கள் வரும் சமயத்தில் குஞ்சுகள் இருக்காது. அதற்குப் பிப்ரவரி கடைசிக்குப் பிறகுதான் வர வேண்டும். இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள், வந்து ஏமாற வேண்டாம். காலையில் பெசன்ட் நகர் பொரிப்பக வேலியருகே போனால், மணலில் ஒவ்வொரு கூட்டுக்கும் தேதி எழுதிய அட்டை குத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரையில் செத்த ஆமைகளும் கிடக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிரினம், இழுவலையில் சிக்கினால் அடியிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். மகள் பார்த்துக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தண்டையார்பேட்டைக்காரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். மயிலாப்பூர், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்ட்ரலுக்கு வடக்கே ஊர் இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை.

மெரினா ஏன் இவ்வளவு அகலம் என்று யோசித்திருக்கிறீர்களா? கடலோரமாக மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும், மொத்தத்தில் தெற்கில் இருந்து வடக்கே. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் கட்டத் தொடங்கினார்கள். நகர்ந்து வந்த மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தங்கிப் பரந்தது. அதுதான் எல்லோரும் நடக்கும் மெரினா. சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றுபோய், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. எங்கள் பாட்டி மணலில் விளையாடிய இடத்தில் இப்போது கருங்கல் கொட்டிய சுவர்தான். உங்கள் அகலமான கடற்கரையும் எங்கள் கற்சுவரும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். இரண்டையும் பார்த்தால்தான் சென்னைக் கடற்கரையைப் பார்த்ததாக அர்த்தம் என்பேன்.

மலர் அக்கா, ஒரு காலை எங்களுக்குக் கொடுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியும் முன்பே வாருங்கள். ஏலம் இருட்டிலேயே நடக்கும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கடம்பா, பெயர் தெரியாத மீன்கள் எல்லாம் குவியல் குவியலாக. ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது, மற்ற நாளில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வந்தால் பாதிக்கும் மேல் வெறிச்சோடிக் கிடக்கும். உங்கள் மாதத்தில் அந்தக் கவலை இல்லை.

முடித்துக்கொண்டு ராயபுரம் ரயில் நிலையத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் அங்கிருந்துதான் புறப்பட்டது, அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

மயிலைவாசி

அழைப்பு நல்ல அழைப்புதான். ஆனால் காசிமேட்டில் தரை முழுக்க மீன் தண்ணீர், வழுக்கும். தலைச்சுமையோடு ஓடி வருகிறவர்களுக்கு நாம் இடைஞ்சலாக நிற்கக் கூடாது. எழுபது வயது அம்மாவை, மூட்டுவலியோடு, இருட்டில் அங்கே அழைத்துப் போவது சரியா?

தண்டையார்பேட்டைக்காரி

அம்மாவை அழைத்து வர வேண்டாம் அக்கா, அதை நானும் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவும் பாப்பாவும் தூங்கட்டும். மற்றவர்கள் பிடிப்பான ரப்பர் செருப்புப் போட்டு வாருங்கள். ஏலக் கூட்டத்துக்குள் நுழையாமல் ஓரமாக நில்லுங்கள். ஆட்களின் முகத்துக்கு முன்னால் கேமராவை நீட்டாதீர்கள், அவர்கள் இரவெல்லாம் தூங்காமல் வேலையில் இருப்பவர்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

அம்மாவுக்கு மாலையில் பாரிமுனை. உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைக் காரில் இருந்தே பார்க்கலாம். 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழி காட்டிய விளக்கு அந்தக் கட்டடத்தின் உச்சியில்தான் எரிந்தது. அர்மேனியன் தெருவில் 1772இல் கட்டிய அர்மேனியர் கோயில் ஒன்று உண்டு, படி அதிகம் இல்லை, உள்ளே மரநிழல்.

பின்னர் கடற்கரை நிலையம் பக்கம் அத்தோ. 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸைக் கையாலேயே முட்டைக்கோசு, வெங்காயம், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளியும் அடைத்துத் தருவதுதான் பேஜோ. கோவையில் எங்கே தேடினாலும் இந்த ருசி கிடைக்காது. இருட்டிய பிறகுதான் தள்ளுவண்டிகள் முழுதாக வரும்.

கேணிக்காரன்

சாப்பாடு பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

காலை டிபனுக்கு மயிலாப்பூரில் கச்சேரி சாலைப் பக்கம் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ். சின்ன இடம், காத்திருக்க வேண்டும், கெட்டிச் சட்டினிக்காக நான் காத்திருப்பேன். அம்மாவுக்கு நிற்க முடியாது என்றால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். மாட வீதியிலேயே காளத்தி கடை ரோஸ்மில்க், பிள்ளைகளுக்கு.

திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபே. இட்லி கேட்டால் தட்டே தெரியாத அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். மீன் சாப்பாட்டுக்குச் சேப்பாக்கம் நாயர் மெஸ், மதியம் சீக்கிரம் போய்விட வேண்டும். அண்ணா சாலையில் புகாரி, சிக்கன் 65 அங்கேதான் 1965இல் பிறந்தது என்பார்கள். வடகறி வேண்டுமென்றால் சைதாப்பேட்டை, காலையில் மட்டும்.

கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம். வறுத்த மீன் கடைகளில் மசாலா தடவி வரிசையாக அடுக்கிய மீனைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். கூட்டம் நிற்கும் கடையில், உங்கள் கண் முன்னால் எண்ணெயில் போடச் சொல்லி வாங்குங்கள். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்தில் 2024இல் புது மீன் அங்காடி திறந்திருக்கிறார்கள். சமைக்க வசதி உள்ள இடத்தில் தங்கினால் அங்கேயே வாங்கி, கழுவி வெட்டித் தரச் சொல்லலாம். நெத்திலி வாங்கினால் விடமாட்டீர்கள்.

குப்பத்துப்பிள்ளை

அம்மா கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மெரினாவில் சாலையில் இருந்து தண்ணீர் வரை மணல் ரொம்ப தூரம், மூட்டுவலியோடு நடக்க முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், 2022இல் திறந்தது. சக்கர நாற்காலிக்காகப் போட்டது, வயதானவர்களும் அதிலேயே அலை பக்கம் வரை போகலாம். திறந்த கொஞ்ச நாளிலேயே மாண்டஸ் புயல் உடைத்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். காலை ஆறு மணிக்குப் போங்கள், சாயங்காலம் படம் எடுக்கிற கூட்டம் நிற்கும். மடக்கு நாற்காலி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

எதிரே இருக்கும் அந்த இல்லத்துக்கும் கதை உண்டு. அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்றும் பேருந்து நிறுத்தத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

கோவைமலர்

தம்பி, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மடக்கு நாற்காலி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது இப்படி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை வந்து சேருகிறோம், மாலையில் மாட வீதி மட்டும். ஞாயிறு காலை மரப்பாதை, நடுப்பகல் எழும்பூர் அருங்காட்சியகம், வெண்கலச் சிலைகள் அம்மாவுக்கு. திங்கள் விடியும் முன் இவரும் மகனும் நானும் காசிமேடு, மாலையில் பாரிமுனை, அத்தோ. செவ்வாய் சைவம் என்பதால் டிபன் நாள், வேறு ஒன்றுமில்லை. புதன் காலை கோவளம், மதியம் தக்ஷிணசித்ரா, இரவு மகாபலிபுரம். வியாழன் சிற்பம், வரும் வழியில் புலிக்குகை, முதலைப் பண்ணை. வெள்ளி இரவு ஆமை நடைக்கு இடம் கிடைத்தால் இவரும் மகனும் போவார்கள். சனிக்கிழமை ரயில்.

கோட்டையையும் தி.நகரையும் விட்டுவிட்டோம். சரியா?

பறக்கும்ரயில்

சரி. ஒரே ஒரு மாற்றம். வெள்ளி இரவு நடந்துவிட்டு வந்தால் இருவரும் சனிக்கிழமை விழித்திருக்க மாட்டார்கள். காலை ரயில் எடுக்காதீர்கள், இரவு சேரன் அல்லது நீலகிரி எடுங்கள்.

மயிலைவாசி

தி.நகரை விட்டதற்கு வருந்த வேண்டாம். வெள்ளி பகல் சும்மா இருக்கிறதே, சாயங்காலம் பரங்கிமலைக்குப் போங்கள். மேலே கார் போகும், அம்மா படி ஏற வேண்டாம். உச்சியில் 1523இல் போர்ச்சுகீசியர் கட்டிய கோயில். நம் ஊரில் சூரியன் மறைவதை நன்றாகப் பார்க்கும் இடம் அதுதான், கீழே விமானம் இறங்குவதையும் மகள் பார்ப்பாள்.

கோவைமலர்

அப்படியே செய்கிறோம் அக்கா. கடைசியாக ஒன்று: காசிமேட்டில் கருவாடு வாங்கி ரயிலில் கொண்டுபோகலாமா? பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு கேட்டிருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டைக்காரி

தாராளமாக. திங்கள் வாங்கி சனி வரை வைத்திருக்க வேண்டும் என்பதால் ஒடித்தால் சட்டென்று முறியும் அளவுக்கு நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, மேலே மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். துணிப்பையோடு சேர்க்காதீர்கள். ரயிலில் இருக்கைக்கு அடியில், ஜன்னல் பக்கமாக.